இலை வந்தது, பூ வரவில்லை: காட்பாடி மொட்டை மாடியில் மஸ்காரி கிழங்கு

காட்பாடி காந்தி நகரில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், அக்டோபரில், ஆன்லைனில் வாங்கிய மஸ்காரி என்ற நீலப் பூச்செடியின் கிழங்குகளை அந்த வீட்டம்மா மொட்டை மாடியில் குரோ பேகுகளில் நட்டார். கார்த்திகையில் இலை வந்தது. மார்கழியில் பச்சைப் பசேலென்று நின்றது. தை முழுக்க இலை நீண்டுகொண்டே போனதே தவிர, பூவுக்கான அறிகுறி இல்லை. மாசிக் கடைசியில் இலை நுனி கருகியது, பங்குனியில் மொத்தமும் பழுத்துச் சாய்ந்தது. தோண்டிப் பார்த்தால் பாதிக் கிழங்கு அழுகியிருந்தது, மீதி சுருங்கியிருந்தது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பல ஊர் மாடித்தோட்டக்காரர்களிடம் இதே புகாரைக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கு டுலிப், இன்னொருவருக்கு ஹயாசிந்த், வேறொருவருக்கு குரோக்கஸ் என்று கிழங்கின் பெயர் மட்டும் மாறும். காட்பாடி வீட்டை எடுத்து விரிவாக எழுத இரண்டு காரணங்கள். அந்த அம்மா பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் நட்ட தேதி, இலை வந்த தேதி, உரம் வைத்த தேதி எல்லாம் குறித்திருந்தார். அதோடு, பாக்கெட்டில் இருந்த 24 கிழங்குகளில் 20-ஐத்தான் நட்டிருந்தார். மிச்சம் 4 சமையலறை அலமாரியில் காகிதப் பையிலேயே கிடந்தன. அந்த நான்கு கிழங்குகள்தான் விஷயத்தைத் தெளிவாக்கின.

செடியைப் பற்றி

மஸ்காரியின் தாயகம் தென்கிழக்கு ஐரோப்பாவும் துருக்கி, காகசஸ் மலைப்பகுதிகளும். கடைகளில் பெரும்பாலும் கிரேப் ஹயாசிந்த் என்ற பெயரில் விற்கிறார்கள். தோட்டங்களில் அதிகம் காணப்படுவது மஸ்காரி ஆர்மீனியாகம் என்ற இனம். ஒரு சாண் உயரம்கூட வளராது. தண்டின் உச்சியில் குட்டிக் குட்டியாகக் குடம் வடிவப் பூக்கள் நெருக்கியடித்துத் தொங்கும். நல்ல நீலம், ஒவ்வொரு பூவின் வாயிலும் மெல்லிய வெள்ளைக் கரை. இந்த நீலம் நம் ஊர்ப் பூக்களில் அவ்வளவாகக் கிடைக்காதது. அதனால்தான் படத்தைப் பார்த்தவுடன் வாங்கிவிடுகிறோம்.

தாவரவியல் கணக்கில் இது ஆஸ்பராகேசி குடும்பம். நம் தண்ணீர்விட்டான் கிழங்கும் சம்பங்கியும் அதே குடும்பம்தான். சம்பங்கி வேலூர் வெயிலில் தழைக்கிறதே, இது மட்டும் ஏன் வரவில்லை என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. சொந்தம் என்பதற்காக இரண்டுக்கும் பழக்கம் ஒன்றாக இருந்துவிடாது. சம்பங்கி மெக்சிகோவில் இருந்து வந்தது, சூட்டை எதிர்பார்த்து வளர்வது. மஸ்காரி குளிர்கால மலைநாட்டுச் செடி.

அதன் சொந்த ஊரில் அதன் வருடம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். கோடை அங்கே வறட்சி. அப்போது கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். இலையுதிர் காலத்து மழையில் வேர் விடும், இலையும் அப்போதே மேலே வரும். அதன் பிறகு மாதக்கணக்கில் கடுங்குளிர், பனி. பனி விலகி மண் லேசாகச் சூடேறும் வசந்தத்தில் பூத்து, இலையை வைத்து அடுத்த வருடத்துக்கான உணவைச் சேர்த்துக்கொண்டு, கோடை வருவதற்குள் மறுபடி தூங்கப் போய்விடும்.

முதல் பருவத்தில் சந்தேகப்பட்டவை

மாடியை முதன்முதலில் பார்த்தது பிப்ரவரியில், இலை இன்னும் பச்சையாக இருந்தபோது. அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். கிழங்கு போலி, உரம் அதிகம், தண்ணீர் அதிகம், வெயில் பத்தவில்லை, வெயில் அதிகம். எதையும் அலட்சியப்படுத்த முடியாது. இவற்றில் சில பாதி உண்மையாகவும் இருந்தன.

தண்ணீர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாடிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் குரோ பேகுகள் நேராக உட்கார்ந்திருந்ததால், அடி ஓட்டைகள் பல அடைபட்டிருந்தன. வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பைகளுக்குள் தண்ணீர் நின்றிருக்கிறது. மண் கலவையில் தென்னை நார்க்கழிவு மிக அதிகம். வீட்டில் வேலைக்கு வரும் அக்கா ஒரு பையில் விரலை விட்டுப் பார்த்து, “அடியில இன்னும் சொதசொதன்னு கீதுங்க” என்றார். பிப்ரவரியில் அந்த ஈரம் இருக்கவே கூடாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை கிழங்கின் அடித்தட்டில் இருந்து ஏறும். அழுகிய கிழங்குகளை அமுக்கினால் அடிப்பக்கம் பழுப்பாகக் குழைந்து வந்தது. ஆகவே அழுகலுக்குக் காரணம் வடிகால் இல்லாததுதான்.

பெரும்பாலானவர்கள் விசாரணையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் அதிகம், அதனால் பூக்கவில்லை, முடிந்தது. ஆனால் அந்த மாடியிலேயே கைப்பிடிச் சுவர் ஓரம் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்த பைகளும் இருந்தன. அவற்றில் தண்ணீர் நன்றாக வடிந்திருந்தது, கிழங்கும் கெட்டியாக இருந்தது, இலையிலும் குறையில்லை. அந்தப் பைகளிலும் ஒரு பூகூட இல்லை. அழுகல் தனிப் பிரச்சினை, பூக்காதது தனிப் பிரச்சினை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் அடுத்த வருடம் தண்ணீரைக் குறைத்துவிட்டு மறுபடியும் ஏமாற வேண்டியிருக்கும்.

உரம் பற்றி: நோட்டின்படி நடும்போது மண்புழு உரமும் பிறகு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசலும் கொடுத்திருக்கிறார். தழைச்சத்து கூடினால் இலை கூடுதலாக நீளலாம். அதற்காக ஒரு கிழங்குகூட விடாமல் எல்லாவற்றிலும் பூ நின்றுபோகாது. கிழங்கின் அளவும் சரியாகவே இருந்தது. பூக்கிற வயதுக்கு வராத பொடிக் கிழங்கு என்றால் இலை மட்டும் வரும் என்பது உண்மைதான். அலமாரியில் இருந்த நான்கையும் நூல் வைத்து அளந்தபோது சுற்றளவு 8 செ.மீ.க்குக் குறையவில்லை. மஸ்காரிக்கு அது பூக்கும் அளவு.

கிழங்கை அறுத்துப் பார்த்தபோது

அலமாரியில் இருந்த கிழங்கு ஒன்றை எடுத்து, காய்ந்த தோலை உரித்து, முனையில் இருந்து அடி வரை நெடுக்காகப் பிளந்தோம். வெள்ளை வெளேரென்று சதைப்பிடிப்பான அடுக்குகள், அடியில் வேர் கிளம்பும் தட்டு, நடுவில் மடித்து வைத்த இலைக் குருத்து. அந்தக் குருத்துகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக விலக்கியதும் நட்ட நடுவில் கேழ்வரகு அளவுக்கு ஒரு சின்ன உருண்டை தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மேலெல்லாம் புள்ளி புள்ளியாக மேடுகள். ஒவ்வொரு மேடும் ஒரு பூவாகியிருக்க வேண்டியது. நுனி ஏற்கெனவே பழுப்பேறிக் காய்ந்திருந்தது.

“அப்போ பூ உள்ளதான் இருந்துச்சா தம்பி?” என்றார் அந்த அம்மா. ஆமாம், உள்ளேதான் இருந்தது. மஸ்காரி, டுலிப், டாஃபடில் போன்றவற்றில் அடுத்த வசந்தத்துப் பூவுக்கான கரு முந்தின கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். நெதர்லாந்தில் பயிரிட்டவர் ஜூன், ஜூலையில் கிழங்கைத் தோண்டிச் சேமிக்கும் காலத்திலேயே அந்த வேலை நடந்து முடிகிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது ஏற்கெனவே பூ வைத்த கிழங்கு. அதை வெளியே கொண்டுவருவது மட்டும்தான் பாக்கி.

பிறகு மாடியில் நன்றாக வடிந்த பையில் இருந்து ஒரு கிழங்கைத் தோண்டி அதையும் பிளந்தோம். இலைகளின் அடியில், அதே நட்ட நடுவில், காய்ந்து கறுத்த நூல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பூத்தண்டு நீளத் தொடங்கவே இல்லை. மொக்கு இருந்த இடத்திலேயே கருகிவிட்டது. போலிக் கிழங்கு என்ற பேச்சு அத்தோடு ஓய்ந்தது.

குளிர் செய்யும் வேலை

மொக்கு தயாராக இருந்தும் ஏன் வெளியே வரவில்லை? நீண்ட குளிர் கிடைக்காததால். 2 முதல் 9 டிகிரிக்குள் 12 முதல் 15 வாரம் வரை இருந்தால்தான் மஸ்காரியின் பூத்தண்டு ஒழுங்காக நீளும். இந்தக் குளிர்க் காலத்தில் கிழங்கு சும்மா இருப்பதில்லை. சேமித்த மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகிறது, தண்டை நீளவைக்கும் ஹார்மோன்களின் கூறு மாறுகிறது. அதன் பிறகு சற்றே சூடு கிடைத்தால் தண்டு விறுவிறுவென்று மேலே வரும். இலைக்கு இந்த நிபந்தனை கிடையாது. இலை பொதுவாகவே குளிருக்கு முன் வருவது. காட்பாடி மாடியில் இலை செழித்ததும் பூ நின்றதும் இதனால்தான்.

இப்படியொரு நிபந்தனை அந்தச் செடிக்கு ஏன் வந்தது என்றால், அது அதன் பாதுகாப்பு. மலைநாட்டில் குளிர்காலத்துக்கு நடுவே நாலு நாள் வெயில் அடித்தால் வசந்தம் வந்துவிட்டது என்று நம்பிப் பூத்துவிடக் கூடாது. பூத்தால் அடுத்த பனியில் எல்லாம் போய்விடும். குளிர் இத்தனை வாரம் கடந்தது என்று கணக்கு முடிந்தால்தான் பூ.

வேலூருக்கு அந்தக் கணக்கு முடியவே முடியாது. மார்கழி, தையில் அதிகாலை நமக்குப் போர்வை கேட்கும்தான். ஜனவரி இரவு சராசரியாக 17, 18 டிகிரி. விடிந்தால் 28, 29. மாசி பிறந்ததும் பகல் 33-ஐ எட்டும், பங்குனியில் 36, 37. தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை என்று இந்த ஊரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு. அந்த மரமில்லாத பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். இதில் கான்கிரீட் மாடியும் கறுப்புக் குரோ பேகும் சேர்ந்தால் கிழங்குக்கு இரவிலும் ஓய்வில்லை. சூட்டில் அது வேகமாக மூச்சுவிட்டுத் தன் சேமிப்பைத் தானே தின்று தீர்க்கிறது. சுருங்கிப்போன கிழங்குகளின் கதை அதுதான்.

ஏலகிரியில் வைத்தால் வருமா என்று ஐயா கேட்டார். அவருடைய தம்பி வீடு திருப்பத்தூரில் இருக்கிறது. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். வெயிலின் கடுமை அங்கே குறைவு, இலை இன்னும் நாள்பட நிற்கும். ஆனால் இரவும் பகலுமாக வாரக்கணக்கில் 9 டிகிரிக்குக் கீழே நிற்கும் இடம் அதுவும் இல்லை. காவலூர் வானோக்கி நிலையம் இருக்கும் ஜவ்வாது மலைப்பகுதி ஏலகிரியைவிட உயரம் குறைவு, அங்கேயும் வாய்ப்பில்லை. தமிழ்நாட்டில் நிலத்தில் நட்டு நம்பிக்கையோடு காத்திருக்கலாம் என்றால் 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியையும், கொடைக்கானல் போன்ற உயரங்களையும்தான் சொல்ல முடியும்.

விற்றவர்களின் பக்கத்தில் ‘எல்லா காலநிலைக்கும் ஏற்றது, பராமரிப்பு தேவையில்லை’ என்று போட்டிருந்ததை அந்த அம்மா போனில் காட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது. இது தெரியாமல் நடந்த விஷயமாகத் தோன்றவில்லை. கிழங்கு வியாபாரத்தில் இருப்பவர்களுக்குக் குளிர் தேவை என்பது பாலபாடம். டெல்லியில் பிப்ரவரி மாதம் சாலை ஓரங்களில் பூக்கும் டுலிப்புகள்கூட நெதர்லாந்தில் இருந்து குளிரூட்டித் தருவிக்கப்பட்டு ஒரே ஒரு பருவத்துக்கு நடப்படுபவை. டெல்லியின் குளிருக்கே அந்த ஏற்பாடு தேவைப்படும்போது, சென்னைக்கும் வேலூருக்கும் மதுரைக்கும் அதே வாசகத்தைப் போட்டு விற்பது வாங்குபவரின் ஆசையைக் காசாக்குவது. மாடித்தோட்டம் போடும் பலர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். பூ வராதபோது தங்கள் கைராசியில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் பருவம்: ஃபிரிட்ஜ்

அந்த அம்மா விடுவதாக இல்லை. அடுத்த செப்டம்பர் கடைசியில் புதிதாக 15 கிழங்குகள் வாங்கினார். இந்த முறை மூன்று பங்காகப் பிரித்தோம். 3 கிழங்குகள் குளிரே இல்லாமல் அலமாரியில். 3 கிழங்குகளுக்கு எட்டு வாரக் குளிர். 9 கிழங்குகளுக்குப் பதினான்கு வாரம். இப்படிப் பிரித்தால்தான் பூத்தது குளிராலா, புதுக் கிழங்கின் தரத்தாலா என்று தெரியும்.

வீட்டு ஃபிரிட்ஜ்தான். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்து செத்துவிடும். கீழ்த் தட்டில் ஒரு சின்ன வெப்பமானியை வைத்துப் பார்த்ததில் 4 முதல் 6 டிகிரி காட்டியது, அதுவே போதுமானது. லேசாக, கையில் பிடித்தால் ஒட்டாத அளவுக்கு மட்டும் ஈரமான தென்னை நார்த்தூளில் கிழங்குகளைப் புதைத்து, ஓட்டை போட்ட காகிதப் பையில் வைத்தோம். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் வியர்த்து நீலப் பூஞ்சணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்ததில் ஒரு கிழங்கின் தோலில் பூஞ்சணம் தெரிந்தது. துணியால் துடைத்துத் தனியாக வைத்தார், அதுவும் தப்பித்துக்கொண்டது.

பழங்களை அந்தத் தட்டில் இருந்து அகற்றச் சொன்னேன். ஆப்பிள், வாழை, கொய்யா எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடும். கிழங்குக்குள் இருக்கும் மொக்கை அது கருகச் செய்யும். டுலிப்பில் இந்தச் சேதம் நன்றாக அறியப்பட்டது, மஸ்காரிக்கும் அதே கவனத்தை எடுத்தோம். ஃபிரிட்ஜில் குளிரூட்டிப் பார்த்தேன், அப்போதும் வரவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது பழத்தை எங்கே வைத்தீர்கள் என்றுதான்.

இன்னொன்றும் முக்கியம். உரித்த மஸ்காரி கிழங்கு பார்வைக்கு அப்படியே சின்ன வெங்காயம். ஃபிரிட்ஜில் பெயர் எழுதாமல் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஊரில் இருந்து வந்த மருமகள் அந்தப் பையைத் திறந்து கையில் எடுத்தும்விட்டார். தெற்கு இத்தாலியில் மஸ்காரிக்கு நெருங்கிய உறவான ஒரு செடியின் கிழங்கை வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பது உண்மை. அதை வைத்து அலங்காரத்துக்கு விற்கும் கிழங்கைச் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவற்றில் பூஞ்சைக் கொல்லி மருந்து தோய்த்திருக்கலாம். டாஃபடில் கிழங்கோ நல்ல நஞ்சு. பையின் மேல் தடித்த எழுத்தில் ‘செடிக் கிழங்கு, சமையலுக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

எட்டு வாரக் கிழங்குகளை நவம்பர் கடைசியில் நட்டோம். அலமாரிக் கிழங்குகளையும் அதே நாளில். பதினான்கு வாரக் கிழங்குகள் வெளியே வரவேண்டிய நேரம் சரியாகப் பொங்கலை ஒட்டி வந்தது. வேலூரில் இதைவிடக் குளிர்ந்த நேரம் வேறு கிடையாது, அதனால் முன்னாலேயே தேதியை அப்படிக் கணக்குப் போட்டிருந்தோம்.

குரோ பேக் வேண்டாம் என்று மண் தொட்டிக்கு மாறினார். சுட்ட மண் ஈரத்தைக் கசியவிடும், அதில் தொட்டி கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். செம்மண், மணல், மண்புழு உரம் சம பங்கு. கிழங்கின் முனைக்கு மேல் நாலு விரல் மண். மாடிப்படி அறையின் கிழக்குப் பக்கச் சுவரோரம், காலை ஒன்பதரை, பத்து வரை மட்டும் வெயில் படும் இடம். தண்ணீரைக் காலையில் மட்டும், மேல்மண் காய்ந்த பிறகு.

விளைவு அப்பட்டமாகத் தெரிந்தது. அலமாரிக் கிழங்குகள் மூன்றிலும் இலை மட்டும், முந்தின வருடத்தின் மறுபதிப்பு. எட்டு வாரக் கிழங்குகளில் இரண்டில் நீலம் எட்டிப் பார்த்தது, ஆனால் தண்டு இல்லை. மண்ணோடு மண்ணாக, இலைகளின் கழுத்திலேயே பூக்கொத்து சிக்கிக்கொண்டு பாதி விரிந்து அப்படியே காய்ந்தது. குளிர் பாதியில் நின்றால் இப்படித்தான் ஆகும். பதினான்கு வாரக் கிழங்குகள் ஒன்பதில் ஏழு பூத்தன. தைக் கடைசியில் முதல் தொட்டியில் தண்டு நீண்டு, அடிப் பூவில் தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாக விரிந்தது. படத்தில் பார்த்த உயரம் இல்லை, அரைச் சாண்தான். நிறம் முழு நிறம். அந்த வெள்ளைக் கரையும் சரியாக இருந்தது. ஐயா நாற்காலியை அங்கேயே போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தார்.

குளிர் நாடுகளில் மூன்று வாரம் வரை நிற்கும் பூ இங்கே ஒரு வாரம்தான் நின்றது. பகல் சூடு ஏற ஏற மேல் மொக்குகள் விரியாமலே வெளுத்தன. மதியத்தில் தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, மாலையில் வெளியே எடுத்த தொட்டிகளில் இரண்டொரு நாள் கூடுதலாக நின்றது.

அதே கிழங்கு மறுபடி பூக்குமா

இதுதான் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. நேராகவே சொல்கிறேன்: வேலூரில் பூக்காது. பூ முடிந்த பிறகு குளிர்ந்த வசந்தத்தில் இலை இரண்டு மாதமாவது உழைத்தால்தான் கிழங்கு மறுபடி பெருக்கும், கோடைத் தூக்கத்தில் புது மொக்கும் வைக்கும். இங்கே பங்குனி வெயில் இலையை அதற்குள் முடித்துவிடுகிறது. ஏப்ரலில் அந்தத் தொட்டிகளைக் கவிழ்த்தபோது நட்டதில் பாதிகூட இல்லாத சுருங்கிய கிழங்குகள்தான் கிடைத்தன. அவற்றை மறுபடி ஃபிரிட்ஜில் வைத்துப் பயனில்லை, உள்ளே மொக்கே இல்லாத கிழங்கைக் குளிரூட்டி என்ன ஆகப்போகிறது? அந்த அம்மா ஒன்றைப் பிளந்தும் பார்த்தார். நடுவில் இலைக் குருத்து மட்டும்தான் இருந்தது.

ஆக, நம் சமவெளியில் மஸ்காரி ஒரு பருவப் பூ. அப்படி நினைத்துக்கொண்டு ஐந்தாறு கிழங்கு வாங்கினால் அந்த ஒரு வாரம் காசுக்குத் தகுந்த சந்தோஷம் தரும் என்பது என் அபிப்பிராயம். ஐம்பது கிழங்கு வாங்கி வரப்பு கட்ட நினைப்பது வீண்.

மழையை நம்பும் கிழங்குகள்

குட்டைக் கிழங்குச் செடி, வருடா வருடம் தானாகப் பூக்க வேண்டும் என்றால் குளிருக்குப் பதிலாக மழைக்கோ சூட்டுக்கோ எழும் கிழங்கைத் தேட வேண்டும். அந்த மாடிக்கு நான் சொன்னது ரெயின் லில்லி. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது என்றாலும் நம் ஊரில் ஊன்றிவிட்ட செடி. வெள்ளை, ரோஸ், மஞ்சள் மூன்றும் நர்சரிகளில் சல்லிசாகக் கிடைக்கும். வறட்சியில் சுருண்டு கிடந்து, நல்ல மழை பெய்த நாலைந்து நாளில் தொட்டி முழுக்கப் பூத்துவிடும். அக்னி நட்சத்திரத்துக்கு நடுவே ஒரு கோடை மழை பெய்ததும் அந்த அம்மாவின் ரோஸ் நிறத் தொட்டி பூத்தது. அதே மண், அதே மாடி. பக்கக் கிழங்குகள் விட்டுப் பெருகுவதால் வருடம் ஒருமுறை பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சம்பங்கிக்கு உயரம் கூட, ஆனால் வாசனைக்கு ஈடில்லை. ஒற்றை அடுக்கில் பிரஜ்வல் ரகம் மாடிக்கும் ஒத்துவரும். 25, 30 கிராம் எடையுள்ள கிழங்காகப் பார்த்து எடுக்க வேண்டும். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் சம்பங்கி போடும் விவசாயி ஒருவரிடம் கிழங்கு கேட்கப் போனபோது அவர் உடனே கொடுக்கவில்லை. “இப்பத்தான் பேத்துக்கினு வந்தது சார். ஒரு மாசம் நெழல்ல கெடக்கட்டும், அப்பறமா எத்துக்கினு போங்க. அவசரப்பட்டு நட்டா எலையாத்தான் வரும்” என்றார். தோண்டிய கிழங்குக்கு ஓய்வு வேண்டும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். மஸ்காரிக்குக் குளிரில் ஓய்வு, சம்பங்கிக்கு நிழலில் ஓய்வு. ஓய்வே இல்லாமல் பூக்கும் கிழங்கு நானறிய குறைவு.

மஸ்காரிக்கு உண்மையிலேயே நெருங்கிய சொந்தம் நம் காடுகளில் இருக்கிறது. நரி வெங்காயம் அதே துணைக்குடும்பம். கொளுத்தும் கோடையில், இலையே இல்லாத மொட்டைத் தண்டில் பூக்கும். பார்க்க அதிசயமான செடிதான். ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு அந்தக் கிழங்கில் உண்டு. பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டு மாடிக்கு அது வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். காட்டில் இருந்து பிடுங்கி வருவதும் சரியல்ல.

வாங்கும் முன்

வெளிநாட்டுக் கிழங்கு என்றால் பயிர் நலச் சான்றோடு முறையாக இறக்குமதியானதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அது கட்டாயம். சான்றில்லாமல் வரும் கிழங்கோடு இங்கே இல்லாத நோயும் வந்து இறங்கலாம். அதன் பிறகு கேட்க வேண்டியது, குளிரூட்டிய கிழங்கா, எத்தனை வாரம் என்பது. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். குளிரூட்டியது என்றால் அது வந்து சேரும் நாளையும் பார்க்க வேண்டும். அக்டோபரில் குளிரூட்டிய கிழங்கு வந்தால் நடுவதற்கு அது நேரமில்லை, ஜனவரி வரை ஃபிரிட்ஜிலேயே தொடர வேண்டும்.

குளிரூட்டாதது என்றால் கணக்கு எளிது. பொங்கலில் இருந்து பதினான்கு வாரம் பின்னால் போனால் அக்டோபர் முதல் வாரம் வரும். அதற்குள் கிழங்கு ஃபிரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் தள்ளுபடி விலைக்குக் கிடைக்கும் கிழங்கை வாங்கினால் குளிர் முடிவதற்குள் மாசியும் பங்குனியும் வந்துவிடும். அந்த வெயிலில் நட்டு எதுவும் நடக்காது. காட்பாடி அம்மா இந்த வருடம் 6 கிழங்குகளுக்கு மட்டும் ஆகஸ்டிலேயே சொல்லிவைத்திருக்கிறார்.